வெள்ளத்தில் கலந்து குடிக்கவும்

பட்ஜெட் நாளன்று பாதுகாப்புத் துறைச் செய்தி எப்போதும் என் மேசைக்குத்தான் வரும். திருவனந்தபுரத்தில் அச்சாகிற ஒரு தமிழ் நாளிதழில் பல ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தேன். அக்கா ராணுவத்தில் செவிலியர். ஆகவே ராணுவம் சம்பந்தப்பட்ட எல்லாம் எனக்குத் தெரிந்திருக்கும் என்று பக்கப் பொறுப்பாளர் முடிவு செய்திருந்தார். ஆங்கிலத்தில் வருவதைத் தமிழாக்கிச் சுருக்க வேண்டும். மொத்தத் தொகை தலைப்பில் போகும். விமானம், கப்பல், பீரங்கி எல்லாம் முதல் பத்திகளில். ஓய்வூதியம் நடுவில். மீதி அத்தனையும் கடைசிப் பத்தியில்: எல்லைக் கிராமத்துப் பள்ளிக்கூடங்கள், பேரிடர் மீட்பு, நட்பு நாட்டு வீரர்களுக்குப் பயிற்சி, அண்டை நாடுகளுக்கு மருந்தும் மருத்துவர்களும் அனுப்புவது. இடம் போதாவிட்டால் செய்தியைக் கீழிருந்து வெட்டுவது வழக்கம். இடம் ஒருபோதும் போதியதில்லை.

அந்தப் பத்தியில் வருகிறவற்றுக்குத் தமிழில் ஒரு பொதுப்பெயர் தேவைப்பட்டது. ‘போர் சாராப் பணிகள்’ என்று எழுதினேன். அச்சில் அது அடிக்கடி வெட்டுப்பட்டாலும் வீட்டில் நிலைத்துவிட்டது. அக்கா விடுமுறையில் வந்து சாப்பிட உட்கார்ந்தால், “போர் சாராப் பணி வந்தாச்சு, அப்பளம் பொரிங்கப்பா” என்பேன்.

“எடீ, போர் சார்ந்தவனுக்குக் குண்டு பட்டா யாரு கட்டுப் போடுவா? உங்க பேப்பரா?” என்பாள் அக்கா.

எங்கள் வீடு ஆரியசாலையில், மொத்த வியாபாரக் கடைகளுக்கு மேலே ஒரு மாடி. கீழே அப்பாவின் மிளகாய், மல்லிக் கடை. இப்போது வாடகைக்கு விட்டுவிட்டார். ஆனாலும் தினமும் காலையில் இறங்கிப்போய், வாடகைக்காரரின் மூட்டைகளை மோந்து பார்த்து, குறை சொல்லிவிட்டு வருவார். திருநெல்வேலியிலிருந்து வந்து பல தலைமுறைகளாகிவிட்ட குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ், அல்லது தமிழ் என்று நாங்கள் நினைக்கிற ஒன்று. அக்கா படித்தது மலையாளப் பள்ளியில். எனக்கு அந்தப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை, தமிழ் வழியில் சேர்த்தார்கள். அதனால் நான் தமிழ்ப் பத்திரிகைக்குப் போனேன். அக்காவுக்குத் தமிழ் எழுத்து படிக்க வராது. நாகர்கோவில் பஸ்ஸை எழுத்தைப் பார்த்து அடையாளம் காணமாட்டாள், வண்டியின் நிறத்தைப் பார்த்துத்தான் ஏறுவாள்.

நான் வேலையை விட்டு வீட்டிலிருந்து மொழிபெயர்க்கத் தொடங்கிய பிறகு, அக்கா மேஜராகிச் சொந்த ஊருக்கே மாற்றலாகி வந்தாள். ராணுவ முகாம் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே குடியிருப்பு. பனிமலையிலும் பாலைவனத்திலும் பணியாற்றியவள். ஓய்வுபெறும் வயது நெருங்கியிருந்தது. வெளிநாட்டுக்குப் போகும் மருத்துவக் குழுக்களில் சேர இரண்டு முறை பெயர் கொடுத்தும் அவளை எடுக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் வங்கக் கடலில் உருவான ஒரு புயல் இலங்கையில் கரையேறியது. ஊர்கள் மூழ்கின. நிவாரணப் பொருட்களும் ஒரு கள மருத்துவமனையும் ராணுவ விமானத்தில் போகும் என்று செய்தி வந்தது. அன்று சாயங்காலம் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“எடீ, நான் போறேன் கேட்டியா.”

“எப்படி எடுத்தாங்க?”

“தாய்மொழி தமிழ்னு ரெக்கார்டுல உண்டல்லே. டீம்ல தமிழ் தெரிஞ்ச பொம்பளை வேற யாரும் இல்லே.”

குழு போக இருந்தது இலங்கையின் வடக்கே, தமிழ் பேசும் ஒரு பகுதிக்கு. தமிழ் தெரிந்த இன்னொருவர் குழுவில் இருந்தார். மதுரைப் பக்கத்து ஹவில்தார், நல்ல மீசைக்காரர், மருத்துவ உதவியாளர். ஆனால் வெள்ளத்துக்குப் பிறகு வருகிற பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றி அந்த மீசையிடம் எவ்வளவு சொல்வார்கள்? அக்கா போனால் அவர்கள் பேசுவார்கள், மருந்து சரியான நோய்க்குப் போகும். இல்லாவிட்டால் டாக்டர்கள் சைகையைப் பார்த்து மருந்து எழுத வேண்டியதுதான். அவள் போவதன் பொருள் இதுதான். அதை அவளே எனக்கு இரண்டு முறை சொன்னாள்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் மத்தியானம் சாப்பிட வந்தாள். அம்மா இறந்த பிறகு சமையல் அப்பாவிடம் வந்துவிட்டது. புளிசேரியும் பயறுத் தோரனும் வைத்திருந்தார். கூடவே அபிப்பிராயமும் தயாராக வைத்திருந்தார்.

“மழை பெஞ்சா நம்ம கடைக்குள்ள முட்டளவு வெள்ளம் ஏறுது. ஓடை தோண்டக் காசில்லேங்கான். இவங்க ப்ளேனுக்கு எண்ணெய் ஊத்தி அடுத்த நாட்டுக்கு மருந்து கொண்டு போறாங்களாம். யாரு துட்டு அது?”

“மருந்து வெளியுறவு ஆபீஸ் துட்டு. ப்ளேன் எங்க துட்டு. என் சம்பளம் நான் இங்க இருந்தாலும் உண்டு, அங்க போனாலும் உண்டு.”

“எல்லாம் ஒரே பையிலேர்ந்துதானே மோளே வருது?”

“ஆமாப்பா. குண்டும் அதே பையிலேர்ந்துதான் வருது. அதுக்கு நீங்க ஒருநாளும் கணக்கு கேட்டதில்லையே.”

“குண்டு நாட்டுக்கு. மருந்து அடுத்தவனுக்கு.”

“விழிஞ்ஞத்துல கடலுக்குப் போனவங்களக் காணாம ஆனப்போ, ஹெலிகாப்டர் எங்கே, கப்பல் எங்கேன்னு டிவி முன்னால நின்னு சத்தம் போட்டது யாரு? அப்போ மட்டும் நாங்க சண்டைய விட்டுட்டு வரணும், அல்லே?”

அப்பா அவள் தட்டில் இன்னொரு கரண்டி தோரன் வைத்தார். இருவர் சொன்னதும் உண்மை. இதற்கு ஒரு தலைப்பு எழுதச் சொன்னால் என்னால் முடிந்திருக்காது. ராணுவத்தின் பணத்தில் மருந்துப் பொட்டலம் எங்கே முடிகிறது, அதைச் சுமக்கிற விமானத்தின் எரிபொருள் எங்கே தொடங்குகிறது என்று பட்ஜெட் காகிதங்களிலேயே தெளிவாக இருக்காது. எந்தத் துறை கொடுப்பது என்று துறைகள் ஒன்றுக்கொன்று எழுதிக்கொள்ளும். அதற்குள் நோயாளி ஒன்று பிழைத்திருப்பார், அல்லது இல்லை.

சாப்பிட்டுக் கை கழுவியதும் அக்கா பையிலிருந்து ஒரு சுருளை எடுத்தாள். மருந்துப் பொட்டலங்களில் ஒட்டுகிற ஸ்டிக்கர்கள். தமிழில் அச்சடித்தவை.

“எழுத்துப் பிழை மாத்திரம் பாரு. வேற ஒண்ணும் பாக்க வேண்டாம்.”

வாங்கி, பழக்கத்தில், உரக்கப் படித்தேன். முதல் ஸ்டிக்கர்:

‘பனிக்கு. திவசம் மூன்று நேரம். ஆகாரம் கழிஞ்சு ஒன்று கழிக்கவும்.’

அப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் கேட்டார்.

“எந்தா? என்ன தப்பு?” என்றாள் அக்கா. “ஜுரத்துக்குள்ள குளிகை. சாப்பிட்ட பெறகு, நாளைக்கு மூணு நேரம். சரிதானே?”

நடந்தது இதுதான். ஸ்டிக்கரில் என்ன போடுவது என்று கேட்டபோது அக்கா சொற்களை மலையாள எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். கணினி அதைத் தமிழ் எழுத்துக்கு மாற்றியிருக்கிறது. எழுத்து ஒன்றுகூடத் தவறாக மாறவில்லை. ஆனால் எழுதும்போது மரியாதையாக இருக்க வேண்டும் என்று, வீட்டில் பேசுகிற கொச்சைச் சொற்களை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துச் சொற்களை எடுத்திருக்கிறாள். அவள் பள்ளிக்கூடம் மலையாளம். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல், தமிழில் மார்கழி மாதத்தில் புல்லில் விழுவது. மலையாளத்தில் கழிக்கிறவர் சாப்பிடுகிறார். தமிழில் கழிக்கிறவர் கொல்லைப்பக்கம் போகிறார். திவசம் அங்கே ஒரு நாள். இங்கே செத்தவருக்கு ஆண்டுதோறும் செய்கிற காரியம்.

நான் விளக்கியதும் அக்காவும் சிரித்துவிட்டாள். அப்பா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டார். “பொறப்படுற நேரத்துல திவசம்னு வாசிக்காதே. அதை மொதல்ல கிழி.”

“அடுத்தது வாசிடீ.”

அடுத்தது உப்பு சர்க்கரைப் பொடிக்கானது. பேதியால் உடம்பில் நீர் வற்றிப்போனவர்களுக்குக் கொடுப்பது. வெள்ளத்துக்குப் பிறகு அதிகம் தேவைப்படுவதும் அதுதான்.

‘வயிறிளக்கத்துக்கு. ஒரு லிட்டர் வெள்ளத்தில் கலந்து குடிக்கவும். நிறைய வெள்ளம் குடிக்கவும்.’

இதை நான் உரக்கப் படித்து முடிக்கவில்லை. பாதியில் நிறுத்தி, அக்காவிடம் நீட்டினேன். அவளால் படிக்க முடியாது என்பது நீட்டிய பிறகுதான் நினைவு வந்தது.

“இதுல என்ன? தண்ணிக்கு வெள்ளம்னுதானே நாம சொல்லுவோம்.”

“நாம சொல்லுவோம். நாகர்கோவில்லயும் சொல்லுவாங்க. இலங்கையில வெள்ளம்னா ஊருக்குள்ள வந்த வெள்ளம்தான். கிணறெல்லாம் முங்கிக் கெடக்கு. அதுல செத்த ஆடும் மாடும் மெதக்குது. அதுல கலந்து குடின்னு நீங்க பொட்டலத்துல அடிச்சுத் தாறீங்க. நிறைய குடின்னு வேற.”

அக்காவின் முகத்தில் சிரிப்பின் மிச்சம் அப்படியே நின்றது. அது போகச் சற்று நேரமானது.

“எத்தனை ஒட்டியாச்சு?” என்று கேட்டேன்.

“பொடிப் பாக்கெட் முழுக்க.”

தெருவில் ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. சுமைதூக்குபவர் ஒருவர் மலையாளத்தில் “போட்டே, போட்டே”, போகட்டும் போகட்டும், என்று வண்டியைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அப்பா மெதுவாகச் சொன்னார்: “கம்ப்யூட்டர் தப்புன்னு சொல்லீரு மோளே. அதுக்கு நாக்கா இருக்கு, இல்லேன்னு சொல்ல?”

“நான் சொன்னதைத்தான்பா அது அடிச்சுது.”

அவள் பயந்தது வெளிப்படையானது. தமிழ் தெரியும் என்பதால் எடுக்கப்பட்டவள். தமிழ் தெரியவில்லை என்று தானே போய்ச் சொல்ல வேண்டும். குழுத் தலைவர் ஒரு கர்னல், அறுவை மருத்துவர், வடக்கே பிறந்தவர். தாய்மொழியைப் படிக்கத் தெரியாத ஒருவர் இருக்க முடியும் என்பது அவருக்கு எப்படிப் புரியும்? சொன்னால் பெயரை அடித்துவிடலாம். சொல்லாமல் இருந்தால் பொட்டலங்கள் போய்விடும். அக்கா அதிக நேரம் யோசிக்கவில்லை. சாப்பாட்டு மேசையிலிருந்தே கர்னலைக் கூப்பிட்டு, ஸ்டிக்கரில் தவறு இருக்கிறது, தவறு தன்னுடையது, திருத்தத் தங்கையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொன்னாள். மறுமுனையில் என்ன பதில் வந்தது என்று தெரியவில்லை. “எஸ் சார்” என்று மூன்று விதமான குரலில் சொல்லிவிட்டு வைத்தாள்.

ஆட்டோவில் போகும் வழியில் நான் அவளுடைய பேச்சையும் திருத்தினேன். ஸ்டிக்கர் போனால் போகட்டும், வாய் சரியாக இருந்தால் கர்னலிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

“வெள்ளம்னு சொல்லாதே, தண்ணின்னு சொல்லு. நோவுதோன்னு கேக்காதே. வலிக்குதான்னு கேளு.”

“நோவுதோக்கு என்ன கேடு?”

“அந்த ஓ மலையாளம். தமிழ்ல கேள்விக்கு ஆ. வந்தாயா, சாப்பிட்டாயா, வலிக்கிறதா.”

“வலிக்கிறதா,” என்று வாத்தியாருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். “எடீ, இப்படிக் கேட்டா எனக்கே வலிக்கும்.”

முகாமில் ஒரு நீண்ட கூடம். தரையில் அட்டைப்பெட்டிகள் வரிசையாக. சில வீரர்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து பெட்டிகளுக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கர்னல் கட்டைகுட்டையான மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மதுரை ஹவில்தாரைக் கூப்பிட்டு ஒரு ஸ்டிக்கரைக் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொன்னார். கூடாரங்கள் ஏற்றுகிற வேலையில் இருந்ததால் ஹவில்தார் அதுவரை ஸ்டிக்கர்களைப் பார்த்திருக்கவில்லை. ‘திவசம்’ வரை படித்தார். மீசை ஒருமுறை அசைந்தது.

“மேடம்,” என்றார் அக்காவிடம், அட்டென்ஷனில் நின்றபடியே, “இதைக் குடுத்தா எங்க ஊர்ல வாசல்ல பந்தல் போட்டுருவாங்ய மேடம்.”

என்ன சொல்கிறார் என்று கர்னல் கேட்டார். அக்கா எதையும் மறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னாள்: பனி, கழித்தல், திவசம், பிறகு வெள்ளம். வெள்ளத்துக்கு வந்தபோது கர்னல் கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

தமிழ் தெரியுமா, தெரியாதா, ஒரு பதில் சொல்லுங்கள் என்றார்.

படிக்கத் தெரியாது, பேசத் தெரியும் என்றாள் அக்கா.

அப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பினார். நீங்கள் பத்திரிகைக்காரர் என்று மேஜர் சொன்னார், உண்மை சொல்லுங்கள், இவர் பேசினால் அங்கே இருப்பவர்களுக்குப் புரியுமா?

நான் அக்காவைப் பார்க்கவில்லை. பார்த்தால் அக்காவுக்காகச் சொன்னதாகிவிடும். “புரியும். சில சொற்களை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். சொல்லியிருக்கிறேன்” என்றேன். நான் நம்பியதும் அதுதான்.

கர்னல் சற்று யோசித்தார். பிறகு கை முறிந்த ஒரு நோயாளிக்குக் கட்டை எங்கே வைத்துக் கட்டுவது என்று சொல்வதுபோலச் சொன்னார்: ஹவில்தார் படிப்பார், மேஜர் பேசுவார், பத்திரிகைக்காரர் இப்போதே எழுதுவார். வேறு கேள்வி கேட்கவில்லை. தவறு தரையில் இருக்கும்போதே கண்டுபிடித்தது நல்லது, மேலே போன பிறகு கண்டுபிடித்தால் எரிபொருளும் வீண் என்று மட்டும் போகிறபோக்கில் சொன்னார்.

கூடத்து மூலையில் இருந்த கணினியில் உட்கார்ந்து எழுதினேன். ‘காய்ச்சலுக்கு. சாப்பிட்ட பிறகு ஒரு மாத்திரை. ஒரு நாளைக்கு மூன்று வேளை.’ பொடிக்கு: ‘வயிற்றுப்போக்குக்கு. கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து குடிக்கவும்.’ ஹவில்தார் பின்னால் நின்று ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துச் சரி என்றார்.

பழைய ஸ்டிக்கர் உரிந்து வரவில்லை. அதை மறைக்கும் அளவில் பெரிதாக அச்சடித்து மேலே ஒட்ட வேண்டியிருந்தது. ஒட்டியவர்களில் யாருக்கும் தமிழ் தெரியாது. பாதிப் பொட்டலங்களில் தலைகீழாகப் போயிற்று. தமிழ் எழுத்துக்கு எது தலை, எது கால் என்று எப்படிச் சொல்வது? புள்ளியைக் காட்டினேன். புள்ளி எழுத்தின் உச்சியில் இருந்தால் நேர், காலடியில் இருந்தால் தலைகீழ். அதன் பிறகு கூடம் முழுக்க, பல மாநிலத்து வாய்களில், புள்ளி மேலே என்பதற்கு, ஒரே சொல் கேட்டது: “புல்லி ஊப்பர், புல்லி ஊப்பர்.” அக்காவும் தரையில் உட்கார்ந்து ஒட்டினாள். மேஜர் தரையில் உட்கார்ந்ததால் யாரும் எழுந்து போகவில்லை.

விமானம் மறுநாள் போனது. எந்த விமானம் என்று தெரியாமலே அப்பா, மிளகாய் காயப்போடுவதாகச் சொல்லி, மொட்டை மாடிக்குப் போனார். வீட்டில் அன்று மிளகாய் இல்லை.

முதல் இரண்டு மூன்று நாட்கள் அக்காவின் குரல் சோர்ந்திருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் கள மருத்துவமனை போட்டிருந்தார்கள். ஆண்கள் வந்தார்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெண்கள், முக்கியமாக வயதானவர்கள், வேலியோரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

“வலிக்குதான்னு கேக்குறேன். என்ன செய்யுது உங்களுக்குன்னு கேக்குறேன். எல்லாம் நீ சொல்லித் தந்த மாதிரிதான். ஒண்ணுமில்லேன்னு தலைய ஆட்டுறாங்க. பின்னால போயி ‘ஆமிக்காரி’ங்காங்க.”

ஆமி என்றால் அங்கே ராணுவம். எனக்குக் காரணம் தெரியும். அவளுக்கும் தெரியும். அந்தப் பகுதிக்கு எங்கள் நாட்டு ராணுவம் முன்பு ஒருமுறை போயிருக்கிறது. மருந்து கொடுக்க அல்ல. அப்போது இளம் பெண்களாக இருந்தவர்களுக்கு இப்போது தலை நரைத்திருக்கும். சீருடை அதே நிறம். இந்தியத் தமிழில் மரியாதையாகக் கேள்வி கேட்கும் குரல் அவர்களுக்கு எதை நினைவூட்டியதோ, எனக்குத் தெரியாது. அது பற்றி நான் எழுதிய செய்தி எதுவும் இல்லை. அக்காவிடம் “சாப்பிட்டியா?” என்று கேட்டேன்.

“கழிச்சேன்,” என்றாள், வேண்டுமென்றே.

அடுத்த அழைப்பு ஒரு மத்தியானம். அவள் மூச்சுவிடாமல் பேசினாள். நான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

ஒரு கிழவியை மகன் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். கூரைத் தகரம் பறந்து வந்து கெண்டைக்காலை அறுத்திருந்தது. சேற்று நீரில் பல நாள் நடந்ததில் புண் சீழ் பிடித்திருந்தது. வேறு வழியில்லாமல் வந்தவர். முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா புண்ணைக் கழுவினாள். அழுகிய சதையை எடுக்கும்போது கிழவியின் கால் வெட்டி இழுத்தது. அந்த நேரத்தில் நான் ஆட்டோவில் சொல்லிக்கொடுத்த பாடம் அக்காவுக்கு மறந்துபோயிற்று. சின்ன வயதில் என் முழங்கால் சிராய்ப்புக்கு மருந்து போடும்போது எப்படிக் கேட்பாளோ அப்படிக் கேட்டாள்.

“நோவுதோ அம்மா?”

கிழவி முகத்தைத் திருப்பினார்.

“ஓம், சரியா நோகுது. பிள்ளை எந்த இடம்? மன்னார்ப் பக்கமோ?”

“இல்லேம்மா. திருவனந்தபுரம்.”

“அது எங்கை கிடக்கு?”

“கடலுக்கு அந்தப் பக்கம். கேரளம்.”

“அதுதான் பேச்சு எங்கடை மாதிரிக் கிடக்கு,” என்றார் கிழவி, மகனைப் பார்த்து. பிறகு காலை நன்றாக நீட்டிக் கொடுத்தார்.

அவர்கள் பேச்சிலும் கேள்விக்கு ஓ வரும். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். இலங்கைச் செய்திகளை எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். திருத்தியதெல்லாம் அச்சில் வந்த தமிழ். புண்ணைக் கழுவும்போது பேசுகிற தமிழ் என் மேசைக்கு வந்ததில்லை.

“எடீ, இருக்கியா? நீ வேண்டாம்னு சொன்ன ஓ இங்க ஓடுது கேட்டியா,” என்று சிரித்தாள் அக்கா.

“வெள்ளம் ஓடல்லே இல்லையா?”

“அது ஓடியிருந்தா நானே ஓடி வந்திருப்பேன். அது நீ பிடிச்சதுதான் நல்லதாச்சு. உப்புப்பொடிதான் நிறைய போகுது. எல்லாரும் தண்ணியக் கொதிக்கவச்சு ஆறவச்சுத்தான் கலக்குறாங்க. ஹவில்தார் நின்னு வாசிச்சுக் காட்டுறாரு.”

கிழவி போய் என்ன சொன்னார் என்று தெரியாது. ஆனால் அன்று பின்னேரமே வேலியோரம் நின்றவர்களில் சிலர் உள்ளே வந்தார்கள். மறுநாள் பெண்களுக்கென்று தனியாக ஒரு வகுப்பறையை ஒழித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. சொல்லாமல் மறைத்த காய்ச்சல், கர்ப்பிணிகளின் வீக்கம், தூக்கமின்மை எல்லாம் அங்கே வெளியே வந்தன. அக்கா கேட்டுக் கேட்டு டாக்டர்களுக்குச் சொன்னாள். எல்லாம் அவளுக்கும் ஒரேயடியாகப் புரிந்துவிடவில்லை.

“ஒருத்தி குழந்தையக் கொண்டு வந்து ‘பிள்ளைக்குத் தடிமன்’ங்கா. எனக்குத் தடிமன்னா தடியன்தானே? குழந்தையப் பார்த்தா ஈர்க்குச்சி. எங்க தடிச்சிருக்குன்னு சட்டையக் கழத்திப் பார்த்துட்டேன். அறை முழுக்கச் சிரிப்பு.”

“சளி.”

“உனக்கு முன்னாடியே தெரியுமா? பின்னே ஏன் சொல்லல்லே?”

“நீ எழுத்துப் பிழை மாத்திரம் பாருன்னுல்ல சொன்னே.”

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து புளி உருட்டிக்கொண்டிருந்தார். ‘தடிமன்’ கதையைத் தெருவில் மூன்று கடைக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. ஓடை தோண்டாத விஷயத்தையும் சேர்த்தே சொல்லியிருப்பார்.

அடுத்த வாரம் இன்னும் பொருட்கள் போகவிருந்தன. முகாமிலிருந்து எனக்கே அழைப்பு வந்தது: புதிய ஸ்டிக்கர்களுக்கு வாசகம் வேண்டும். நான் பழைய வாசகத்தை அனுப்பவில்லை. அக்காவுக்குச் செய்தி அனுப்பி, ஒவ்வொரு சொல்லுக்கும் அங்கே அந்த அறையில் இருக்கும் பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கச் சொன்னேன். மாத்திரையைக் குளிசை என்கிறார்கள். அக்காவின் குளிகைக்குப் பக்கத்து வீடு. வயிற்றுப்போக்கு அங்கே வயிற்றோட்டம். தலைவலி தலையிடி. எழுதினேன்: ‘காய்ச்சலுக்கும் தலையிடிக்கும். சாப்பிட்ட பிறகு ஒரு குளிசை.’ என் பழைய பக்கப் பொறுப்பாளர் இதைப் பார்த்திருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பார்.

ஸ்டிக்கர்களை முகாமுக்கு அனுப்பும் முன் சரிபார்க்க அச்சகத்திலிருந்து ஒரு சுருள் வீட்டுக்கு வந்தது. அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

“வெள்ளம் இல்லையே?”

“இல்லேப்பா.”

“திவசம்?”

“இல்லே.”

“செரி. இந்த வேலைக்கு உனக்குக் கூலி எந்தப் பையிலேர்ந்து?”

“எந்தப் பையிலேர்ந்தும் இல்லே.”

“அப்போ இதையும் அந்தக் கடைசிப் பத்தியில சேத்துக்கோ,” என்றார் அப்பா. அந்தப் பத்தியைப் பற்றி அவரிடம் எப்போது சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

அன்று சாயங்காலம் ஒலிச்செய்தியாக அக்கா பேசியதை இன்னும் தொலைபேசியில் வைத்திருக்கிறேன். குழு இன்னும் சில நாள் தங்க அனுமதி வந்திருக்கிறது என்றாள். கர்னல் இப்போது ஆமாம் என்பதற்கு “ஓம்” என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறாராம். கிழவியின் புண் ஆறிவருகிறது. பேச்சுக்குப் பின்னால் ஏதோ பாத்திரம் உருளுகிறது, ஒரு குழந்தை அழுகிறது. பிறகு தூரத்திலிருந்து ஒரு பெண் குரல். அங்கே தாதிகளைக் கூப்பிடுகிற சொல் அது.

“மிஸ்ஸி! மிஸ்ஸி, இஞ்சை ஒருக்கா வாங்கோ.”

“ஆரோ கூப்பிடுறாங்க. வைக்கேன்டீ,” என்கிறாள் அக்கா. அதோடு செய்தி முடிகிறது.